படகோடு களை ஏறி வராமல் இருக்க: நீர் மாறி நீர் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் படகு வைத்திருப்பவர் யாரும் ஒரே தண்ணீரோடு நிற்பதில்லை. சனிக்கிழமை பழைய ஈயக்குட்டை, ஞாயிற்றுக்கிழமை செண்டெரோ ஏரி, நீண்ட விடுமுறை என்றால் கிரிக் தாண்டி தெமெங்கோர் ஏரி. படகு போகிற வழியில் களையும் நத்தையும் மீன்குஞ்சும் கூடவே போகின்றன. இவற்றைத் தடுக்கும் வேலை கடினமானதல்ல. ஆனால் வரிசை தவறினால் செய்தும் செய்யாத கதைதான். புதியவர்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் வரிசையில்தான்.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகள் "ஐந்து நாள் காய வையுங்கள்" என்பதோடு முடிந்துவிடும். நம் ஊரில் மதியம் வெயில், நான்கு மணிக்கு மழை, இரவெல்லாம் ஈரக்காற்று. காய வைப்பதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அதனால் இந்த வழிகாட்டியில் பாரத்தைச் சுமப்பது சுடுநீர். காய வைப்பது அதற்குப் பிறகுதான்.

1. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்வது

ஆகாயத்தாமரையை எல்லாருக்கும் தெரியும். மலாயில் கெலாடி பூந்திங். முழுச் செடியைப் பார்த்தால் யாரும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். தப்பிப்பது செடிக்கும் செடிக்கும் நடுவே ஓடும் கொடித்தண்டின் விரல் நீளத் துண்டு. அதில் மொட்டு ஒன்று இருந்தாலே போதும்.

நீர்மேல் மிதக்கும் சிறு பெரணியான கியாம்பாங் இன்னும் மோசம். இலை மேல் நுண்ணிய முடிகள் நிற்கும், தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். இதற்கு விதை தேவையில்லை, உடைந்த துண்டெல்லாம் தனிச்செடி. இலை ஒன்று டிரெய்லரின் கம்பளத்தில் ஒட்டியிருந்தால் பச்சைப் பொட்டு மாதிரிதான் தெரியும்.

மூன்றாவது கபோம்பா. மீன்தொட்டிக் கடைகளில் அழகுக்கு விற்கும் விசிறி இலைச் செடி. பகாங்கின் சினி ஏரியில் படர்ந்து கிடப்பது இந்த இனம்தான். நீருக்கடியில் வளர்வதால் படகோட்டிக்குக் கண்ணில் படாது. இஞ்சினின் விசிறி (புரொப்பெல்லர்) சுற்றும்போது துண்டு துண்டாக அறுபட்டு, விசிறித் தண்டில் நூல்போலச் சுற்றிக்கொள்ளும். ஒரு கணு உள்ள துண்டு முளைக்கும்.

பிராணிகளில் முதலில் தங்க ஆப்பிள் நத்தை, மலாயில் சிப்புட் கொண்டாங் எமாஸ். (ஊர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது என்பதற்காக இதை வரவேற்க வேண்டியதில்லை.) தண்ணீருக்கு மேலே, தண்டிலும் கட்டையிலும் படகின் பக்கத்திலும், பளீரென்ற இளஞ்சிவப்பில் முட்டைக் கொத்து வைக்கும். சில நாள் கட்டிப் போட்ட படகில்தான் இது அதிகம். குஞ்சு இரண்டு மூன்று மில்லிமீட்டர். கயிற்று முறுக்குக்குள் நுழைந்தால் தெரியாது. வளர்ந்த நத்தை ஓட்டு வாயை மூடிக்கொண்டு உலர்ந்த சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும். காய வைப்பதை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

பண்டாராயா மீன் (மீன்தொட்டியில் வளர்க்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி), பீகாக் பாஸ், சிவப்பு நக நன்னீர் நண்டிறால் ஆகியவை பெரும்பாலும் படகில் தானாக ஏறுவதில்லை. வாளியில் மனிதன்தான் ஏற்றுகிறான். அதைப் பத்தாவது பகுதியில் பார்ப்போம்.

2. எந்த நீருக்கு முதலில் போவது

ஒரே பயணத்தில் இரண்டு இடம் என்றால், சுத்தமான நீர் முதலில், களை மண்டிய நீர் கடைசியில். ஈயக்குட்டைக்குப் போய்விட்டு அதே நாளில் ஏரிக்குப் போகாதீர்கள்.

பேராக் ஆற்றில் இன்னொரு கணக்கும் உண்டு. தெமெங்கோர் மேலே, அதன் கீழே பெர்சியா, கெனெரிங், கடைசியாகச் செண்டெரோ. மேலே இருப்பது ஆற்றோடு கீழே வந்துவிடும், அதை நம்மால் நிறுத்த முடியாது. கீழே இருக்கும் நத்தையும் களையும் இந்த அணைகளைத் தாண்டித் தானாக மேலே ஏற முடியாது. அவற்றுக்குக் கிடைக்கும் ஒரே ஏணி கார் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர். எனவே மேலிருந்து கீழே போகும் பயணத்துக்குச் சாதாரணச் சுத்தம் போதும். கீழிருந்து மேலே போகும் பயணத்துக்கு இந்த வழிகாட்டி முழுவதும், ஒரு படியும் விடாமல்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கெட்டியான ரப்பர் கையுறை ஒரு ஜோடி. ஆப்பிள் நத்தையில் எலி நுரையீரல் புழு இருக்கலாம். அதன் முட்டையிலும் நஞ்சு உண்டு. குட்டைச் சேற்றில் எலிக்காய்ச்சல், அதாவது கென்சிங் திக்குஸ், பயமும் இருக்கிறது. கையில் சிராய்ப்பு இருந்தால் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

கைவிளக்கு, பழைய பல்துலக்கி, மூக்கு நீண்ட குறடு, கடினமான தூரிகை, பெரிய ஸ்பாஞ்சு, தடித்த கறுப்புக் குப்பைப் பை இரண்டு, வடிகால் பிளக்கைத் திருகும் சாவி. இவை காரில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் பயனில்லை.

வீட்டில் வேண்டியவை: மூடியுள்ள 20 லிட்டர் வாளி, கேஸ் அடுப்பில் ஏற்றக்கூடிய பெரிய பானை, சமையல் வெப்பமானி, தோட்டத்துக்குப் பாய்ச்சும் குழாய், இஞ்சினுக்கு மாட்டும் நீர்க்கவ்வி. மின்கெட்டிலை நம்பாதீர்கள். 1.7 லிட்டர் கெட்டிலில் நான்கு தடவை கொதிக்க வைப்பதற்குள் முதல் தண்ணீர் ஆறிவிடும்.

4. ஜெட்டியில்: கண்ணால் பார்ப்பது, கையால் பிடுங்குவது

படகைத் தண்ணீரிலிருந்து இழுத்ததும் சரிவிலேயே நிற்காதீர்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் ஹாரன் அடிப்பார், அவசரத்தில் பாதிதான் செய்வீர்கள். சரிவைத் தாண்டிச் சமதரைக்கு, விழுவது திரும்ப ஏரிக்கு ஓடாத இடத்துக்குக் கொண்டு போய் நிறுத்துங்கள். அதே சமயம் ஏரியை விட்டு வெளியேறியும் விடாதீர்கள். சாலையில் போகும் வேகத்தில் காற்றும் அதிர்வும் களையை உதிர்த்து, வழியில் உள்ள ஏதாவதொரு லோங்காங்கில் (சாக்கடையில்) போட்டுவிடும்.

பார்க்கும் வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். முன்னாலிருந்து ஆரம்பித்து வலப்பக்கமாகச் சுற்றி, பின்புறம் இஞ்சின், பிறகு இடப்பக்கம், கடைசியில் டிரெய்லரின் அடி. இஷ்டத்துக்குத் தாவித் தாவிப் பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தை விட்டுவிடுவார். அந்த இடம் பெரும்பாலும் டிரெய்லர்.

டிரெய்லரில் களை தங்கும் இடங்கள்: படகு உட்காரும் பலகைகளின் மேல் கம்பளம், உருளைகளின் அச்சு, சக்கர அச்சுக்கும் இலைச்சுருளுக்கும் (லீஃப் ஸ்பிரிங்) நடுவே, விளக்குக் கம்பி போகும் இடுக்கு, எண் தகட்டின் பின்புறம். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் திறந்த முனைக்குள்ளும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். அங்கே தண்ணீர் நின்றால் டிரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்தி வடிய விடுங்கள்.

இஞ்சினில் விசிறியைக் கையால் சுற்றி, விசிறிக்கும் கியர் உறைக்கும் இடையே பாருங்கள். சாவியை எடுத்து, கழற்றினால் இஞ்சின் இயங்காமல் தடுக்கும் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். அங்கே சுற்றிய களையோடு தூண்டில் நரம்பும் சேர்ந்திருக்கும். நரம்பு உள்ளே போனால் எண்ணெய் அடைப்பானை அறுத்துவிடும். களையைத் தேடும் சாக்கில் இஞ்சினும் பிழைக்கும்.

நங்கூரம், நங்கூரக் கயிறு, மீன் வலை, மீன் போடும் கூண்டு, உயிர்காப்பு அங்கியின் வார்கள், செருப்பின் அடி, எல்லாவற்றையும் பாருங்கள். நங்கூரத்தில் ஒட்டிய சேற்றை அங்கேயே உதறிக் கழுவுங்கள். சேற்றில் ஆகாயத்தாமரை விதை இருக்கலாம். அது பல வருஷம் உறங்கிக் கிடந்துவிட்டு முளைக்கும்.

இந்தக் கட்டத்தில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். ஜெட் பம்பு வைத்திருப்பவர் முதல் வேலையாக அதைத்தான் திறப்பார். அழுத்தத்தில் வரும் நீர் துண்டுகளை இடுக்குக்குள் தள்ளிவிடும், மேற்பார்வைக்குப் படகு பளபளக்கும். முதலில் பிடுங்குவது, பிறகே கழுவுவது.

5. வடிப்பது: ஜெட்டியை விட்டுக் கிளம்பும் முன்

ஏரித் தண்ணீர் ஒரு டம்ளர்கூட உங்களோடு வரக்கூடாது. மீன்குஞ்சும் நத்தைக்குஞ்சும் அந்த டம்ளருக்குள்தான் பயணம் செய்கின்றன.

வடிகால் பிளக்கைக் கழற்றி, படகின் மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள். தண்ணீர் ஓடி நின்றபின் இன்னும் ஒரு கோப்பை தரைப்பலகைக்கு அடியில் தங்கியிருக்கும். பலகையைத் தூக்கி ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். மீன் உயிரோடு வைக்கும் தொட்டி, ஐஸ் பெட்டி, தூண்டில் பெட்டியின் அடித்தட்டு, படகுக்குள் கிடக்கும் காலி மினரல் வாட்டர் பாட்டில் எல்லாவற்றையும் கவிழுங்கள்.

இஞ்சினை முழுக்கக் கீழிறக்கி, செங்குத்தாக நிற்க வையுங்கள். சாய்த்து வைத்த இஞ்சினுக்குள் குளிர்விக்கும் நீர் தங்கிவிடும், நேராக நின்றால் தானாக வடியும். பாதுகாப்புக் கயிறு கழற்றிய நிலையிலேயே இழுகயிற்றை மூன்று நான்கு தடவை மெதுவாக இழுத்தால் நீர்ப்பம்புக்குள் நிற்பதும் வெளியேறும். இதற்குப் பிறகு சாலைக்காகச் சாய்த்துக்கொள்ளலாம்.

இங்கே அடிக்கடி நடப்பது: ஏரியில் பிளக்கைத் திறக்காமல் வீடு வரைக்கும் இழுத்து வந்து, வாசல் லோங்காங் ஓரத்தில் திறப்பது. நம் பட்டணத்து லோங்காங் எதுவாக இருந்தாலும் கடைசியில் ஓர் ஆற்றில்தான் போய் விழும். குட்டையிலிருந்த உயிரை ஆற்றுக்குக் கொண்டு விட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

6. பிடுங்கிய களையை என்ன செய்வது

பைக்குள் போட்டு இறுகக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் சிமென்ட் தரையில், லோங்காங்கிலிருந்து தள்ளி, மெல்லிசாகப் பரப்பிக் காய விடுங்கள். தொட்டால் சருகுபோல நொறுங்க வேண்டும். மழை வந்தால் மறுபடி பைக்குள். நொறுங்கியது குப்பை லாரிக்கு.

ஆகாயத்தாமரையை மாட்டுக்குப் போடலாம் என்று மூட்டையாகக் கட்டி வருபவர்கள் தோட்டப்புறத்தில் உண்டு. மாடு தின்னும், மறுப்பதற்கில்லை. ஆனால் மாடு தின்று மிச்சம் விட்டது மழையில் அடித்துக்கொண்டு போய் செம்பனைக் கால்வாயில் இறங்கும். பூ அழகாக இருக்கிறது என்று கோயில் குளத்தில் போடுவதும் இதே ரகம்.

முட்டைக் கொத்து கண்டால் பழைய அட்டையால் சுரண்டிப் பைக்குள் போட்டு, பைக்குள்ளேயே நசுக்குங்கள். வெறுங்கையால் வேண்டாம்.

7. வீட்டில்: சுடுநீர்

எங்கே கழுவுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். புல்தரை அல்லது மண்தரை, ஓடும் நீர் மண்ணிலேயே ஊறிவிட வேண்டும். சிமென்ட் வாசலில் கழுவினால் நீர் நேரே லோங்காங்கில்.

நீரில் மூழ்க வைக்கக்கூடிய சாமான்களை 45 டிகிரிக்குக் குறையாத நீரில் 15 நிமிடம் வைக்க வேண்டும். களை, நத்தை, சிறு பூச்சி ஆகியவற்றில் பெரும்பாலானவை இதைத் தாங்காது. கணக்கு இது: 6 லிட்டர் கொதிநீர், 12 லிட்டர் குழாய் நீர். நம் குழாய் நீர் 28 டிகிரி வாக்கில் இருக்கும் என்பதால் கலவை 52 டிகிரிக்கு வரும். சாமான் உள்ளே போனதும் சில டிகிரி இறங்கும், மூடி போட்டால் 15 நிமிடமும் 45-க்கு மேல் நிற்கும்.

குழாய் நீரை முதலில் ஊற்றி, அதன்மேல் கொதிநீரை ஊற்றுங்கள், தெறிக்காது. 52 டிகிரி நீர் கைக்குச் சூடாகத் தோன்றினாலும் ஆபத்தாகத் தோன்றாது. ஆனால் சில நிமிடத்தில் தோலைப் புண்ணாக்கிவிடும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

வாளியைத் திணிக்காதீர்கள். 20 மீட்டர் நங்கூரக் கயிற்றைச் சுருட்டி இறுக்கிக் கட்டி உள்ளே அமுக்கினால், வெளிச்சுற்று வேகும், உள்சுற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். நத்தைக்குஞ்சு உட்காருவதும் உள்சுற்றில்தான். கயிற்றைத் தளர்வாகப் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டையால் கிளறி, பதினைந்தாவது நிமிடம் வெப்பமானியை வாளியின் நடுவில் இறக்கிப் பாருங்கள். 45-க்குக் கீழே போயிருந்தால் கொதிநீர் சேர்த்து மறுபடி முழு 15 நிமிடம். "சூடாத்தான் இருக்கு" என்பது அளவு ஆகாது.

மூழ்க வைக்க முடியாத படகின் அடிப்பாகம், டிரெய்லர், கம்பளம் ஆகியவற்றுக்கு இன்னும் சூடு வேண்டும். ஊற்றிய நீர் கீழே ஓடும்போதே ஆறிவிடும். 60 டிகிரிக்குப் பக்கத்தில் கலந்து (நான்கு பங்கு கொதிநீர், ஐந்து பங்கு குழாய் நீர்) குவளையால் மெதுவாக, இடத்துக்கு அருகில் வைத்து ஊற்றுங்கள். தூரத்திலிருந்து வீசி ஊற்றினால் காற்றிலேயே சூடு போய்விடும். கம்பளத்துக்கு இரண்டு தடவை: முதல் தடவை ஊறும், இரண்டாவது தடவைதான் வேகும். டிரெய்லரின் வெறும் இரும்பில் கொதிநீரையே ஊற்றலாம். ஃபைபர் படகின் மேற்பூச்சு, காற்றடைத்த படகு, மீன் காட்டும் கருவியின் உணரி ஆகியவற்றில் கொதிநீர் கூடாது. உயிர்காப்பு அங்கியையும் வாளியில் 52 டிகிரிக்கு மேல் போட வேண்டாம், நுரை கெட்டுவிடும்.

குளோராக்ஸ் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தூண்டில் வாளி, மீன் தொட்டி போன்ற பிளாஸ்டிக் சாமான்களுக்கு ஒரு பங்கு குளோராக்ஸ், ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலந்து 10 நிமிடம் வைத்து, நன்றாக அலசலாம். கயிறு, அங்கி, உலோகம் என்றால் அது நாள்போக்கில் அரிக்கும். லோங்காங்கில் ஊற்றினால் மீன் சாகும். சுடுநீர் இருக்கும்போது அதை நாட வேண்டியதில்லை.

8. இஞ்சினைக் கழுவுவது

விசிறியைக் கழற்றிவிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, நீர்க்கவ்வியை நீர் உறிஞ்சும் துளைகள் இரண்டையும் மூடும்படி மாட்டுங்கள். முதலில் குழாய், பிறகு இஞ்சின். மாற்றிச் செய்தால் நீர்ப்பம்பின் ரப்பர் சக்கரம் சில நொடியிலேயே உரசித் தேய ஆரம்பிக்கும். மெதுவான ஓட்டத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம், பக்கத்துளையில் நீர் சீராக அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே. அணைக்கும்போதும் முதலில் இஞ்சின், பிறகு குழாய். முடிந்ததும் செங்குத்தாக நிற்க வைத்து வடிய விடுங்கள்.

இதற்குக் குழாய் நீரே போதும். சுடுநீரை இஞ்சினுக்குள் விட வேண்டாம்.

9. காய வைப்பது

டிரெய்லரின் மூக்கை உயர்த்தி, பிளக்கைக் கழற்றியே வைத்து, எல்லா மூடிகளையும் திறந்து விடுங்கள். தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. அடியில் வியர்த்து, படகு வாரம் முழுக்க ஈரமாகவே கிடக்கும். கூரை இருந்தால் கூரைக்கடியில், காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நிறுத்துங்கள். கூரை இல்லையென்றால் தார்ப்பாயைப் படகின் மேல் படாமல் பந்தல் மாதிரிக் கட்டுங்கள். கயிற்றைக் கொடியில் தொங்கவிடுங்கள். சுருட்டி மூலையில் போட்ட கயிறு மூன்று நாள் கழித்தும் நடுவில் ஈரமாக இருக்கும்.

நாள் எண்ணுவது எப்போது தொடங்குகிறது? தொட்டுப் பார்த்து எங்கும் ஈரம் இல்லை என்ற நாளிலிருந்து. கம்பளத்தில் டிஷ்யூத் தாளை வைத்து அழுத்துங்கள். தாள் நனைந்தால் இன்னும் தொடங்கவில்லை. அதிலிருந்து ஐந்து நாள். நடுவில் மழையில் நனைந்தால் முதலிலிருந்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கணக்கு அநேகமாக ஒத்துவராது, அந்த மாதங்களில் ஏழாவது பகுதியை இரண்டு முறை செய்துவிடுவது மேல்.

10. மீனும் தூண்டில் இரையும்

பிடித்த மீனை அதே நீரில் விடுங்கள், அல்லது கொன்று ஐஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். உயிரோடு இன்னொரு நீருக்குக் கொண்டு போகக்கூடாது. பீகாக் பாஸ் தென்னமெரிக்க மீன். குட்டையில் தூண்டிலுக்கு நன்றாகச் சண்டை போடுகிறது என்று வேறு குட்டையில் விட்டுப் பார்த்தவர்களால்தான் அது இவ்வளவு பரவியது. விட்டபின் அங்கிருந்த சிறு மீன்கள் அதற்கு இரை.

பண்டாராயா மீனைப் பிடித்தால் கரையில் வீசிவிட்டுப் போவது பயனற்றது. வயிற்றால் காற்றை உறிஞ்சிப் பல மணிநேரம் உயிரோடு கிடக்கும், ஒரு மழை போதும் திரும்ப நீருக்குள் நழுவ. கொன்று, குப்பைப் பைக்குள். நண்டிறால் என்றால் மூடியுள்ள வாளி. திறந்த வாளியிலிருந்து ஏறி, ஈரத்தரையில் நடந்தே போய்விடும்.

மிச்சமான உயிருள்ள இரையை ஏரியில் கொட்டாதீர்கள். மண்தரையில் கொட்டி, வாளியை உலர்த்துங்கள். வீட்டு மீன்தொட்டி மீனையும் செடியையும் வேண்டாமென்று குட்டையில் விடுவதும் இதில் சேர்ந்ததே. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், தெரிந்தவருக்குக் கொடுக்கலாம்.

புதிதாக ஏதாவது ஓர் இனத்தை ஓர் ஏரியில் கண்டால், படமெடுத்து, இடத்தைக் குறித்து, பெரிகானான் (மீன்வளத் துறை) அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ரிங்கிட் நோட்டை வைத்துப் படமெடுத்தால் அளவு விளங்கும்.

11. அடுத்த தடவை இறக்கும் முன்

ஜெட்டியில், படகு இன்னும் டிரெய்லரில் இருக்கும்போது, நான்காவது பகுதியின் அதே வரிசையில் ஒரு சுற்று. இரண்டு நிமிடம்தான் ஆகும். கம்பளத்தில் பச்சையாக ஏதாவது தெரிந்தால் இறக்காதீர்கள். பிடுங்கிப் பையில் போட்டு, ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த கொதிநீரை அந்த இடத்தில் ஊற்றிவிட்டு இறக்குங்கள்.

கடைசியாகப் பிளக். காய வைக்கும்போது கழற்றிய பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்து, படகு பாதி மூழ்கியபின் நினைவுக்கு வருவது புதியவர்களிடம் சகஜம். ஒருமுறை அப்படி ஆனவர் அடுத்து பிளக்கைக் கழற்றவே மாட்டார், அதோடு வடிக்கும் வேலையும் நின்றுபோகும். கழற்றிய நிமிடமே பிளக்கை ஒரு சிவப்பு நூலில் கோத்துக் கார்ச் சாவியோடு கட்டிவிடுங்கள். ஜெட்டியில் காரை அணைத்துச் சாவியை உருவும்போது அது கையில் தொங்கும்.